ஒரு ரொட்டி வேகும் நேரம்

பிரமிளாவின் முதல் யோகா வகுப்பு நாசி லெமாக்கில் முடிந்தது. யாஷ்வினி என்ற ஐந்து வயதுக்காரி குனிந்து, இரண்டு கைகளையும் தரையில் ஊன்றி, பின்புறத்தை மேலே தூக்கினாள். வீட்டில் அம்மா ஊட்டிவிட்ட நாசி லெமாக், அந்தத் தேங்காய்ப்பால் சோறு, மிளகாய்ச் சம்பால், நெத்திலி எல்லாம் போன வழியே திரும்பி வந்து புதுப் பாயில் விழுந்தன. அதைப் பார்த்த கோகிலனுக்கும் குமட்டியது. அவனைப் பார்த்து இன்னொரு பிள்ளைக்கு. கொஞ்ச நேரத்தில் ஆயர் ஈத்தாம் அடுக்குமாடியின் கீழ்த்தள மண்டபத்தில் மூக்கைப் பிடிக்காமல் நிற்க முடியவில்லை.

தப்பு பிரமிளாவுடையது அல்ல. பிள்ளைகளை வெறும் வயிற்றோடு அனுப்பும்படி பெற்றோர் வாட்சாப் குழுவில் முந்தின நாளே சொல்லியிருந்தாள். அத்தனை தாய்மாரும் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிச் சம்மதித்தார்கள். சம்மதித்துவிட்டு ஊட்டினார்கள். சுகமா என்று கேட்பதற்கு முன்னால் சாப்பிட்டாச்சா என்று கேட்கிற ஊர் பினாங்கு. இங்கே போய் ஒரு தாயிடம், பிள்ளைக்குக் காலையில் ஒன்றும் கொடுக்காதே என்று சொன்னால் அவள் என்ன செய்வாள்? யாஷ்வினியின் அம்மா சுபாஷினி, யோகா செய்தால் பிள்ளை களைத்துவிடுமே என்று வழக்கத்தைவிட ஒரு கரண்டி கூடவே வைத்திருந்தாள்.

பிரமிளாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் மைக்ராஸ்கோப்புக்கு மேலே குனிந்தபடி தன் இளமையைக் கழித்தவள். நகத்தளவு சில்லுகளில் கீறல் தேடித் தேடி அவள் கழுத்து முன்னால் வளைந்தே நின்றுவிட்டது. தலையைத் திருப்பினால் கண்ணில் தண்ணீர் வரும். யாரோ சொல்லி யோகா படிக்கப் போனாள். ஒன்றரை வருஷத்தில் அந்தக் கழுத்து நிமிர்ந்தது. பிறகு அவள் வேலை பார்த்த பிரிவையே மூடிவிட்டார்கள். வீட்டில் சும்மா இருந்த நாட்களில்தான் அவள் அதைக் கவனித்தாள். அடுக்குமாடியின் படிக்கட்டெல்லாம் பொடிசுகள் ஹேண்ட்போனுக்கு மேலே குனிந்து உட்கார்ந்திருந்தன. அந்தக் கழுத்து அவளுக்கு நன்றாகத் தெரிந்த கழுத்து. அவளுக்காவது சம்பளம் கொடுத்து வளைத்தார்கள். இதுகளுக்கு ஐந்து வயதிலேயே வளைகிறதே என்று அவளுக்கு வயிறு எரிந்தது. சனிக்கிழமை காலையில் மண்டபத்தைக் கேட்டு வாங்கி, பாய் விரித்தாள்.

மண்டபத்தின் சாவி அலாவுதீனிடம் இருந்தது. குடியிருப்போர் சங்கத் தலைவர் அவர்தான். பக்கத்திலேயே சாப்பாட்டுக் கடையும் வைத்திருந்தார். பரோட்டா மாதிரி வீசிச் சுடும் அவர் கடை ரொட்டி சானாய்க்குக் காலையிலேயே வரிசை நிற்கும். முப்பது வருஷமாக ஒரு ரொட்டியைக்கூடக் கருக விட்டதில்லை என்று கேட்டவர்களிடமும் கேட்காதவர்களிடமும் சொல்லிக்கொள்வார்.

அன்று மண்டபத்தைக் கழுவி முடித்ததும் அவர் வாசலில் வந்து நின்றார்.

"தங்கச்சி, கமிட்டில ஆளுங்க ஒரு மாதிரியா பேசுறாங்க. மண்டபத்த டியூஷனுக்கு விட்டுரலாம்னு சொல்றாங்க. டியூஷன்னா பிள்ளைங்க உக்காந்து படிக்கும், வாந்தி எடுக்காது லா."

"இன்னும் கொஞ்ச நாள் குடுங்கண்ணே. பழகிருவாங்க."

அலாவுதீன் தாடையைச் சொறிந்தார். கெட்ட மனுஷன் இல்லை. ஆனால் எதையும் தன் ரொட்டிக் கல்லை வைத்துத்தான் அளப்பார்.

"யோகான்னா ஆடாம அசையாம இருக்குறது தானே? சரி. அடுத்த மாசம் கமிட்டி ஆளுங்களோட வந்து பாப்பேன். ஒரு ரொட்டி வேகுற நேரம் இந்தப் பிள்ளைங்க அசையாம கெடந்தா சாவிய ஒன்கிட்டயே குடுத்துர்றேன். ஒண்ணே ஒண்ணு எந்திரிச்சு ஓடுனாலும் டியூஷன்தான். பொறவு என்னைக் கோவிச்சுக்கக் கூடாது."

பிரமிளா சரி என்றாள். வேறு என்ன சொல்ல முடியும்? ஒரு ரொட்டி வேகும் நேரம் பெரியவர்களுக்கு ஒன்றுமில்லை. ஐந்து வயதுப் பிள்ளைக்கு அது ஒரு யுகம்.

அடுத்த சனிக்கிழமை வாந்தி இல்லை, ஆனால் ஏப்பம் இருந்தது. இந்த முறை யாரும் சோறு ஊட்டவில்லை. ஆளுக்கொரு குவளை மைலோ கொடுத்திருந்தார்கள், கூடவே ரெண்டு பிஸ்கட், ஒரு வாழைப்பழம். "மைலோ சாப்பாடு இல்ல டீச்சர், தண்ணி தானே?" என்றாள் சுபாஷினி. பிள்ளைகள் வயிற்றில் தண்ணீர் குலுங்க மண்டபத்தைச் சுற்றிச் சுற்றி ஓடினார்கள். மூச்சை மெதுவாக இழுங்கள் என்றால் புஸ் புஸ் என்று ஊதினார்கள். கடைசியில் சவாசனம் என்று சொல்லிப் படுக்க வைத்தாள். அதற்கும் சுபாஷினி பாய்ந்து வந்தாள்.

"சவமா? யார் பிள்ளைய என்னான்னு சொல்றீங்க? வாயக் கழுவுங்க டீச்சர்!"

பிரமிளாவுக்கு அழுகை முட்டியது. தானும் இரண்டு சனிக்கிழமையும் ஒரு வாய் தேத்தண்ணீர்கூடக் குடிக்காமல் வந்து நின்றுகொண்டிருந்தாள். பசி, கோபம் இரண்டும் சேர்ந்துகொண்டன.

"ஒரே ஒரு காலை, ஒரு மணி நேரம், ஊட்டாம அனுப்ப முடியாதா உங்களால?"

சுபாஷினி மகளின் தலையைத் தடவினாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். "முடியல டீச்சர். நான் ஃபேக்டரில மாறி மாறி ஷிப்ட் பாக்குறேன். சனிக்கிழமை ஒரு நாள்தான் எம்பிள்ளைக்கு என் கையால காலச் சாப்பாடு. அதையும் வேணாம்னு சொன்னா மனசு கேக்கல."

பிரமிளாவின் கோபம் அந்த இடத்திலேயே விழுந்துவிட்டது. ஷிப்ட் முடிந்து தொழிற்சாலை பஸ்ஸில் தூங்கி வழிந்தபடி வந்தவள்தானே அவளும். ஊட்டாதே என்று சொல்வது பிள்ளைக்குத் தண்டனை இல்லை, தாய்க்குத் தண்டனை. இது ஏன் தனக்கு முதலிலேயே உறைக்கவில்லை என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

"சரி. ஊட்டுங்க. ஆனா வீட்டுல வேணாம், இங்க வச்சு ஊட்டுங்க. சாப்பாட்டைக் கொண்டாந்து பின்னாடி மேசையில வைங்க. கிளாஸ் முடிஞ்ச அடுத்த நிமிஷம் உங்க கையாலயே குடுங்க."

போதுமே! அடுத்த வாரம் மண்டபத்தின் பின்பக்கம் கல்யாண வீடாகிவிட்டது. ஒருத்தி அப்பம், ஒருத்தி மீ கோரெங் நூடுல்ஸ், ஒருத்தி இட்லியோடு மூன்று வகைச் சட்னி. உன் டப்பாவில் என்ன, என் டப்பாவில் என்ன என்று தாய்மாருக்குள் போட்டி தொடங்கியது. ஒரு பிள்ளைக்கும் வீட்டில் ஒரு பருக்கைகூடக் கிடைக்கவில்லை. வயிறு காலி. கஷ்டம் வேறு பக்கத்திலிருந்து வந்தது. மரம்போல ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னால் அத்தனை மரமும் மேசைப் பக்கம் சாய்ந்தது.

"டீச்சர், வாசனை வருது," என்றான் கோகிலன், பரிதாபமாக.

அதைக் கேட்ட பிரமிளாவுக்குச் சட்டென்று ஒரு யோசனை வந்தது.

"அப்படியா? எல்லாரும் கண்ண மூடுங்க. மூக்கால மெதுவா இழுங்க... இன்னும் மெதுவா... என்ன வாசனை?"

"அப்பம்!"

"சூடா இருக்கே. வாய்ல வச்சா சுடுமே. ஆறட்டும், மெதுவா ஊதுங்க."

பிள்ளைகள் ஊதினார்கள். புஸ் புஸ் இல்லை. உதட்டைக் குவித்து, நீளமாக, நிதானமாக, ஒரு அப்பத்தை உண்மையிலேயே ஆற்றுகிறவர்களைப் போல ஊதினார்கள். மறுபடி இழுத்தார்கள். சின்னச் சின்ன வயிறுகள் ஏறி இறங்கின. எத்தனை விளக்கியும் வராத மூச்சு, அப்பத்தின் வாசனைக்குத் தானாக வந்துவிட்டது. பிரமிளா திரும்பி நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சந்தோஷத்தில்தான்.

அதற்குப் பிறகு வகுப்பு ஓடத் தொடங்கியது. குனிந்து கை ஊன்றும் ஆசனத்துக்குப் பிள்ளைகளே, பக்கத்தில் ரயில் ஏறும் கொடிமலையின் பேரை வைத்தார்கள். எல்லோரும் வரிசையாகக் குனிந்து நின்றால் மலைக்குள்ளே ஒரு குகை கிடைத்தது. கடைசிப் பிள்ளை மலை ரயிலாகி அதற்குள் ஊர்ந்து வரும். ரயில் வெளியே வரும்வரை மலை இடியக் கூடாது என்பது சட்டம். சவாசனத்தின் பேரையும் மாற்றியாகிவிட்டது. அடுக்குமாடிக்குப் பின்னால் பெரிய கால்வாய்க் கரையில் ஒரு கிழட்டு உடும்பு வெயில் காயும், மணிக்கணக்காக அசையாது. பிள்ளைகளும் அந்த உடும்பானார்கள். சுபாஷினிக்கும் உடும்பில் ஆட்சேபணை இல்லை.

அந்த நாளும் வந்தது. கமிட்டி ஆட்கள் இரண்டு பேர் நாற்காலியில் உட்கார்ந்தார்கள். தாய்மார் மேசைக்குப் பின்னால் வரிசையாக நின்றார்கள். அலாவுதீன் மட்டும் வெறுங்கையோடு வரவில்லை. கேஸ் அடுப்பு, ரொட்டிக் கல், எண்ணெயில் ஊறிய மாவு உருண்டை என்று எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு வந்து மண்டபத்து வாசலில் கடை விரித்தார்.

"என்னண்ணே இது?" பிரமிளா வாசலுக்கு ஓடிவந்தாள்.

"ரொட்டி வேகுற நேரம்னு சொன்னேன்ல? ரொட்டி சுட்டாத்தானே நேரம் தெரியும்? கணக்கு கணக்காத்தான் இருக்கணும் லா."

டப்பாவுக்குள் மூடிக் கிடக்கும் இட்லி வேறு, கண்ணெதிரே கல்லில் பொரியும் ரொட்டி வேறு. பசித்த பிள்ளைகளுக்கு முன்னால் இது என்ன நியாயம் என்று தாய்மார் முணுமுணுத்தார்கள். ஆனால் பேசி முடித்த பேச்சு. பிரமிளா பிள்ளைகளைப் பார்த்தாள்.

"உடும்பு," என்றாள்.

பிள்ளைகள் படுத்தார்கள். கையும் காலும் அகன்றன, கண்கள் மூடின. அலாவுதீன் மாவைச் சுழற்றிக் கல்லில் அடித்தார். படார்! கோகிலனின் கண்ணிமை துடித்தது, திறக்கவில்லை. அவர் மாவை மடித்துப் போட்டார். நெய் சீறியது. அந்த வாசனை மண்டபம் முழுக்கப் பரவிப் பாய்களின் மேல் இறங்கியது. பிரமிளாவுக்கே வயிறு இரைந்தது. அத்தனை மூக்குகளும் ஒரே நேரத்தில் விரிந்தன. போச்சு என்று அவள் நினைத்தாள்.

வயிறுகள் மெதுவாக ஏறின. பிறகு உதடுகள் குவிந்தன. நீளமாக ஊதின. மறுபடி ஏறின. பிள்ளைகள் அந்த ரொட்டியைப் படுத்த இடத்திலிருந்தே ஆற்றிக்கொண்டிருந்தார்கள். ஒரு விரல் அசையவில்லை.

அசைந்தது சுபாஷினிதான். அவளால் பொறுக்க முடியவில்லை. எட்டிக் குனிந்து கிசுகிசுத்தாள். "யாஷ்வினி... கண்ணு... சுடச்சுட ரொட்டிடா..."

யாஷ்வினி கண்ணைத் திறக்கவில்லை. "ம்மா, சும்மா இரும்மா. ஆறட்டும்."

கமிட்டி ஆட்கள் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள். தாய்மார் வாயைப் பொத்திக்கொண்டார்கள். அலாவுதீன் கரண்டியைக் கையில் பிடித்தபடி அந்தப் பிள்ளைகளையே பார்த்துக்கொண்டு நின்றார். தன் கடை வாசனைக்கு மயங்காத ஆளை அவர் இதுவரை பார்த்ததில்லை. இங்கே ஒரு மண்டபம் நிறையக் கிடக்கிறார்கள், அதுவும் பால்பற்களோடு. அவர் நின்றுகொண்டே இருந்தார்.

"டீச்சர்," என்றாள் யாஷ்வினி, கண்ணை மூடியபடியே, உடும்பு மாதிரியே கிடந்தபடி. "அங்கிள் ரொட்டி கருகுது."

கல்லிலிருந்து கரும்புகை எழுந்தது. அலாவுதீன் "யா அல்லாஹ்!" என்று துள்ளிக் குதித்தார். பார்த்துக்கொண்டிருந்தவர்களின் சிரிப்பு கூரையைத் தொட்டது. அப்போதும் பிள்ளைகள் எழுந்திருக்கவில்லை. டீச்சர் சொல்லவில்லையே! பிரமிளா குரலைத் திரட்டி, "எந்திரிங்க என் தங்கங்களா," என்ற பிறகுதான் மண்டபம் எழுந்தது. எழுந்ததும் ஒரே ஓட்டம், மேசைக்கு.

அலாவுதீன் கருகின ரொட்டியைத் தூக்கிப் பார்த்தார். முப்பது வருஷப் பெருமை கரியாகிக் கையில் தொங்கியது. வருத்தமாக இருந்திருக்க வேண்டும். ஆனால் மனுஷன் பல் தெரியச் சிரித்தார். இடுப்பிலிருந்து சாவியை உருவி, எண்ணெய்ப் பிசுக்கோடு பிரமிளாவின் உள்ளங்கையில் வைத்தார்.

"ஒரு ரொட்டி வேகுற நேரம் கேட்டேன். கருகுற நேரமே கெடந்துட்டாங்க. வச்சுக்க தங்கச்சி. டியூஷன்காரன வேற எடம் பாக்கச் சொல்லிர்றேன்."

பிரமிளா சாவியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஜெயித்துவிட்டோம் என்று கத்த வேண்டும் போலிருந்தது. அப்போது சுபாஷினி ஒரு கையில் தட்டோடும் மறு கையில் மகளோடும் வந்தாள். டீச்சரின் முகத்தை உற்றுப் பார்த்தாள்.

"டீச்சர், நீங்க சாப்பிட்டீங்களா?"

பிரமிளா இல்லை என்று தலையசைத்தாள்.

"ஒவ்வொரு வாரமும் இப்பிடித்தான் வெறும் வயித்தோட வந்தீங்களா?" சுபாஷினியின் கண் விரிந்தது. "ஐயோ, கேக்காம விட்டுட்டேனே!"

பதிலுக்குக் காத்திருக்கவில்லை. இட்லியைப் பிய்த்துச் சட்னியில் தோய்த்து, டீச்சரின் வாயருகே கொண்டுபோனாள். கீழேயிருந்து யாஷ்வினி அண்ணாந்து பார்த்து, உதட்டைக் குவித்து, அதை ஊதிவிட்டாள்.