இடப்பக்கத்துக் கணவர்

சலூன்காரர் தம் மனைவியின் தலையை இன்னொருவர் கைக்கு விட்டதே கிடையாது. கல்யாணமான நாளிலிருந்து நுனி வெட்டுவது, சாயம் பூசுவது எல்லாம் அவரேதான். அப்பேர்ப்பட்ட தலையில் பாதியை ஆபரேஷனுக்காக வேறொருவன் மழித்துவிட்டான் என்றால் மனுஷனுக்கு எப்படி இருக்கும்? மழித்தவன் வார்டு நர்ஸ். நெற்றியில் சுருள் சுருளாக முடி புரளும் வாலிபன். ஆட்களை முடியை வைத்தே அடையாளம் சொல்வது சலூன்காரரின் தொழில் குணம். பெரிய டாக்டர் ‘நடுவகிடு’. இவன் ‘சுருட்டை’.

மூளைக்குள்ளிருந்த கட்டியை எடுத்தாகிவிட்டது, உயிருக்குப் பயமில்லை என்று நடுவகிடு சொல்லிவிட்டார். மனைவி கண் திறந்தாள். சூப் குடித்தாள். பேசவும் தொடங்கினாள். யாரிடம்? சுருட்டையிடம்!

“தம்பி, தண்ணி குடு.” “தம்பி, தலகாணிய ஏத்தி வை.” தம்பி, தம்பி, தம்பி. கட்டின புருஷன் ஒருத்தன் கல்தூண் மாதிரி பக்கத்திலேயே நிற்கிறானே, அவனை ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

“ஏம்மா, நான் வந்திருக்கேன்” என்பார் இவர். அவள் முகம் மலரும். மலர்ந்து, எதிர்ப்பக்கமாகத் திரும்பி, சுருட்டையைப் பார்த்துச் சிரிக்கும்! சலூன்காரருக்கு எரிந்த வயிற்றில் அந்த வார்டு முழுவதற்கும் வெந்நீர் போட்டிருக்கலாம்.

மகளுக்குப் போன் போட்டார்.

“உங்கம்மா என்னைக் கை கழுவிட்டா.”

“அப்பா, அம்மாவுக்கு மூளைல ஆபரேஷன். உங்களுக்கு என்ன ஆச்சு?”

“அந்தச் சுருட்டை ஏதோ சொக்குப்பொடி போட்டிருக்கான். அவன் ஸ்பூனை நீட்டினா ஆன்னு வாயத் திறக்கிறா. நான் நீட்டினா தாடையில வழியுது.”

“வயசான காலத்துல பொறாமையப் பாரு! அந்தத் தம்பிகிட்ட என்னன்னு கேளுங்கப்பா.”

கேட்பதா? சுருட்டை வாயைத் திறந்தாலே இவர் ஜன்னலைப் பார்க்கத் தொடங்கிவிடுவார். “சார், ஒரு விஷயம்...” என்று அவன் பலமுறை தொடங்கியிருந்தான். “எல்லாம் எங்களுக்குத் தெரியும்” என்று பலமுறை அடைத்திருந்தார்.

அன்று மதியம் சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துத்தான் வாயடைத்துப் போனார். தட்டில் வலது பாதி துடைத்துவைத்த மாதிரி காலி. இடது பாதியில் பருக்கைகூட அசையவில்லை. நடுவில் சீப்பு வைத்து வகிடு எடுத்ததுபோல ஒரு கோடு. “இன்னும் பசிக்குது தம்பி, இவ்வளவுதானா?” என்று வேறு கேட்கிறாள்.

சுருட்டை தட்டைப் பாதிச் சுற்றுத் திருப்பி வைத்தான். அவள் சாப்பிட ஆரம்பித்தாள்.

“இதத்தான் சார் சொல்ல வந்தேன். கட்டி வலது மூளைல இருந்துச்சு. அதனால இடது பக்கம்னு ஒண்ணு இருக்கிறதே இப்ப அவங்களுக்குத் தோணாது. கண்ணு நல்லாத்தான் இருக்கு, மனசு அங்க போகாது. நீங்க எந்தப் பக்கம் நிக்கிறீங்க?”

சலூன்காரர் குனிந்து தம் கால்களைப் பார்த்தார். இடப்பக்கம். கடை நாற்காலிக்கும் அவர் இடப்பக்கத்தில்தான் நிற்பார். கட்டிலென்ன, சிம்மாசனமென்ன, கால்கள் தாமாகவே அங்கே போய் நின்றுகொள்ளும்.

அவ்வளவுதான், கட்டிலைச் சுற்றி ஒரே ஓட்டம். வழியில் ஸ்டூல் உருண்டது, சுருட்டை சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டான்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

“என்னங்க... இப்பத்தான் வர வழி தெரிஞ்சுதா? எங்க போய்த் தொலைஞ்சீங்க இத்தன நாளா?”

ஊரிலுள்ள பூமாலையை எல்லாம் ஒரே சமயத்தில் கழுத்தில் போட்டதுபோல இருந்தது சலூன்காரருக்கு. “இங்கதாண்டி இருந்தேன்” என்றார்.

அந்தச் சந்தோஷம் ஒரு தம்ளர் தண்ணீர் குடிக்கும் நேரம்கூட நீடிக்கவில்லை.

“சார், நீங்க மறுபடியும் அந்தப் பக்கமே போகணும்.”

“என்னது! இப்பத்தான் கெடச்சேன். திரும்பவும் காணாமப் போகவா?”

“இந்தப் பக்கம் சுலபம் சார். அவங்க இடது பக்கம் திரும்பப் பழகினாத்தான் நடக்க முடியும், வீட்டுக்குப் போக முடியும். ரொம்பப் பிடிச்சவங்க அங்க நின்னு கூப்பிடணும்.”

‘ரொம்பப் பிடிச்சவங்க’ என்று அவன் வாயாலேயே வந்துவிட்டது. சலூன்காரர் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு இடப்பக்கம் போனார். சுருட்டை வெளியே கிளம்பினான்.

“நீ எங்க போற? அந்தப் பக்கமே நில்லு.”

“நான் எதுக்கு சார்?”

“நில்லுய்யா!”

முதல் நாள் அவள் சுருட்டையை விட்டுக் கண்ணெடுக்கவில்லை. சலூன்காரர் தொண்டை கட்டும்வரை கூப்பிட்டார். அப்புறம் வந்த நாட்களில் பார்வை கட்டிலின் நடுவரை வந்து, திரும்பி ஓடியது. அவர் அவளுடைய செயலற்ற இடது கையைத் தடவினார், மேஜையைத் தட்டினார், வெட்கத்தை விட்டுப் பாடினார். பக்கத்துக் கட்டில்காரர் இடம் மாற்றித் தரச் சொல்லிக் கெஞ்சினார்.

ஒரு காலை நேரம். “ஏம்மா” என்றார் சலூன்காரர், சாதாரணமாக.

அவள் முகம் சுருட்டையிடமிருந்து கழன்றது. கால்மாட்டைத் தாண்டி, போர்வை மடிப்பைத் தாண்டி, தேர் நகர்வதுபோல நகர்ந்தது. சுருட்டை மூச்சைப் பிடித்துக்கொண்டான். இப்போது அவனுக்குத் தெரிந்ததெல்லாம் அவளுடைய பின்னந்தலை மட்டுமே.

“அங்க நின்னா கழுத்து வலிக்குதுங்க” என்றாள், நேராகக் கணவரைப் பார்த்து. “இப்படி வாங்களேன்.”

“மாட்டேன்” என்றார் சலூன்காரர், அவள் தலைக்கு மேலாகச் சுருட்டையைப் பார்த்து மீசையைத் தடவியபடி. “நீ இன்னும் கொஞ்சம் திரும்பு.”