சத்தம் நின்ற வீடு

சீனி கத்தத் தொடங்கியபோது அதற்கு வயிற்று வலி என்றுதான் உம்மா நினைத்தாள். ஓமத் தண்ணீரைக் கரண்டியில் எடுத்துக்கொண்டு அதன் பின்னாலேயே நடந்தாள். பூனை தரையில் கன்னத்தைத் தேய்த்தது. முன்கால்களை மடக்கித் தாழ்ந்து, பின்பக்கத்தைத் தூக்கி, நின்ற இடத்திலேயே பின்னங்கால்களை மாற்றி மாற்றி மிதித்தது. பிறகு வாசல் கதவைப் பார்த்து, பசித்த கைக்குழந்தையின் குரலில் நீளமாக அழுதது.

நஜியா விலங்கியல் படித்தவள். அது என்னவென்று பார்த்தவுடன் தெரிந்துவிட்டது. சொல்லத்தான் வாய் வரவில்லை.

"வயித்து வலி இல்ல உம்மா."

"பின்ன என்னா?"

"பெரிசாயிருச்சு."

உம்மா கரண்டியைக் கீழே வைத்தாள்.

பரங்கிப்பேட்டையில் அந்த வீட்டில் அவர்கள் இரண்டு பேர்தான். வாப்பா லியாக்கத் அலி குவைத்தில் இருந்தார். அக்கா ஷாசியாவை லால்பேட்டையில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். நஜியா காலையில் பஸ் ஏறிச் சிதம்பரம் போவாள். கீழவீதிக்குப் பக்கத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. அவள் திரும்பும்வரை உம்மாவும் பூனையும் மட்டும் இருப்பார்கள். அதனால் பகல் சத்தம் முழுவதையும் உம்மாதான் கேட்டாள்.

சத்தம் மட்டுமில்லை. ஊரில் இருந்த கடுவன் பூனைகள் எல்லாம் வந்து சேர்ந்தன. மதில்மேல் ஒன்று, மோட்டார் கொட்டகைமேல் ஒன்று, ஒற்றைக் காது கிழிந்த ஒன்று சமையலறை ஜன்னலில். வாசற்படியில் மூத்திரம் அடித்துவிட்டுப் போயின. பினாயில் போட்டுக் கழுவினாலும் அந்த நெடி போகவில்லை. தொழுகிற இடத்தை உம்மா உள்ளறைக்கு மாற்றிக்கொண்டாள்.

பக்கத்து வீட்டு உத்திராபதி மதிலுக்கு அந்தப் பக்கம் நின்று உம்மாவிடம் சொன்னார்: "என்னா அமீருக்கா, மாப்பிள்ளைங்க வரிசையா வந்து நிக்கிறானுவோ. ஒருத்தனையும் புடிக்கலன்னு சொல்லுதா உங்க பொண்ணு?"

விளையாட்டாகத்தான் சொன்னார். ஆனால் நஜியாவைப் பெண் பார்த்துவிட்டுப் போன சீர்காழிக்காரர்களிடமிருந்து அதுவரை பதில் வந்திருக்கவில்லை. உம்மா சிரித்து வைத்துவிட்டு உள்ளே வந்து ஜன்னல்களைச் சாத்தினாள்.

வாப்பா போனில் கேட்டார்: "யாரு வீட்டுப் புள்ள அழுவுது?"

"பூனைங்க," என்றாள் உம்மா.

"அதுக்கு என்னா?"

"ஒன்னும் இல்ல. நீங்க சாப்ட்டீங்களா?"

நஜியா மாடி அறையைச் சீனிக்காக ஒதுக்கினாள். ஜன்னல் கம்பிகளுக்குப் பின்னால் அட்டை வைத்து மறைத்தாள். லேப்பிலிருந்து வந்ததும் குளித்துவிட்டு உள்ளே போய்க் கதவைத் தாழ் போட்டுக்கொள்வாள். ஈரத்துண்டால் முதுகைத் துடைத்துவிட்டால் சீனி கொஞ்ச நேரம் அடங்கும். மடியில் முகத்தைப் புதைத்துக்கொள்ளும். பிறகு உடம்பு விறைக்கும், மறுபடியும் கத்தும். வஞ்சிர மீனை நீட்டினாலும் மோந்து பார்க்காது. அதற்கு வலிக்கிறதா என்று நஜியாவுக்குத் தெரியவில்லை. எந்தப் பாடத்திலும் அது இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடையில் வைத்துக் கடலூருக்கு எடுத்துப் போனாள். மஞ்சக்குப்பத்தில் டாக்டர் செந்தமிழ்செல்வனின் கால்நடை கிளினிக். அவர் வாலைத் தூக்கிப் பார்த்தார்.

"ஹீட்ல இருக்கும்மா. இப்ப ஆபரேஷன் பண்ணா ரத்தம் ஜாஸ்தி போவும். அடங்குனதும் கொண்டாங்க. அதுவரைக்கும் வெளிய வுடாதீங்க."

அடங்கியது. தேதி வாங்கினாள். அந்தத் தேதி வருவதற்குள் சீனி மறுபடியும் கத்த ஆரம்பித்தது. டாக்டர் போனில், பூனைகளுக்கு இப்படித்தான், குட்டி போடாதவரை திரும்பத் திரும்ப வரும் என்றார். இன்னொரு தேதி கொடுத்தார்.

"பொட்டப் புள்ளையோட வயித்த எதுக்கு அறுக்கணும்?" என்றாள் உம்மா. அவளுக்கு முதலிலிருந்தே இதில் சம்மதமில்லை. "அல்லா அதுக்குன்னு ஒன்னு குடுத்திருக்கான். அத வெட்டி எறியறதுக்கு நாம யாரு?"

"அப்ப வெளிய வுடலாமா உம்மா?"

"வுட்டா தெருத்தெருவா குட்டி போட்டு வைக்கும். நாய் கடிச்சுப் போடும்."

"அப்ப என்னதான் பண்றது?"

மேலே சீனி கத்திக்கொண்டிருந்தது.

அந்த வாரம் ஷாசியா வந்திருந்தாள். மாமியாரோடு மக்காவுக்கு, உம்ராவுக்குப் போகிறாள். அங்கே இருக்கும் நாட்களில் தூரமாகிவிடக் கூடாது என்று லேடி டாக்டர் எழுதிக் கொடுத்த, நாள் தள்ளிப்போகிற மாத்திரையைக் கைப்பையில் வைத்திருந்தாள். சாப்பிட உட்கார்ந்தபோது மாடியிலிருந்து சத்தம் வந்தது. ஷாசியா காதைப் பொத்திக்கொண்டாள்.

"நஜி, எனக்கு வாங்குனதுல ஒன்ன அதுக்கும் போட்டுவுடு. உம்ராவுக்கு வரட்டும் அதுவும்."

நஜியா சிரித்தாள். உம்மா சிரிக்கவில்லை. குழம்பை ஊற்றிக்கொண்டிருந்தாள்.

அடுத்த தேதிக்கு முன்பு சத்தம் நின்றுவிட்டது. வழக்கமாகக் குறைந்து குறைந்து நிற்பதுபோல இல்லை. சாயங்காலம் நஜியா வந்தபோது வீடு அமைதியாக இருந்தது. சீனி கூடத்தில் காலை நீட்டிப் படுத்திருந்தது. உம்மா பக்கத்தில் பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள்.

"அடங்கிருச்சு," என்றாள்.

ஒரு மாதம் ஆயிற்று. இன்னொரு மாதமும். கடுவன்கள் வேறு தெருவுக்குப் போய்விட்டன. சீனி தின்றது, பருத்தது. திரும்பத் திரும்ப வரும் என்று டாக்டர் சொன்னது நஜியாவுக்கு நினைவில் இருந்தது. ஆனால் பல வாரங்களுக்குப் பிறகு இரவு முழுவதும் தூங்க முடிந்தது. லேப்பில் லீவு கேட்க மேனேஜர் முன்னால் போய் நிற்க வேண்டியதில்லை. "இப்பதான் சத்தம் இல்லையே, எதுக்குக் கத்தி?" என்று உம்மா கேட்டபோது, அவள் கடலூருக்குப் போன் செய்து தேதி வேண்டாம் என்று சொன்னாள்.

உம்மா மாடிக் கதவைத் திறந்துவிட்டாள். சீனி மதில்மேல் வெயில் காய்ந்தது.

ஆடி மாதம் அதன் வயிறு பெரிதாகத் தொடங்கியது.

"குட்டி," என்றாள் உம்மா. முகம் மலர்ந்திருந்தது. பழைய கைலியை மடித்து அட்டைப் பெட்டியில் போட்டாள். நெத்திலியை முள் எடுத்து வேகவைத்து வைத்தாள். உத்திராபதியிடம், "மாப்பிள்ள அமைஞ்சிருச்சு அண்ணே," என்று சொன்னாள்.

நஜியா வயிற்றைத் தடவிப் பார்த்தாள். குட்டிகள் தனித்தனி உருண்டைகளாகக் கைக்குத் தட்ட வேண்டும். தட்டவில்லை. மாவு பிசைந்து அடைத்ததுபோல ஒரே தடிப்பு. தன் விரல்களுக்குப் பழக்கமில்லை என்று நினைத்துக்கொண்டாள். சீனி நெத்திலியைத் தொடவில்லை. குளியலறைக் குழாயடியில் போய் நின்றுகொண்டு தண்ணீர் குடித்தது. குடித்துக்கொண்டே இருந்தது. ஒரு நாள் காலையில் மஞ்சளாக வாந்தி எடுத்துவிட்டு அதன் பக்கத்திலேயே படுத்துக்கொண்டது.

"மசக்கை," என்றாள் உம்மா. குரலில் முன்பிருந்த உறுதி இல்லை.

அன்று மதியம் நஜியா லேப்பிலிருந்து இறங்கிக் கீழே மெடிக்கலுக்குப் போனாள். கடையில் கயல்விழி இருந்தாள். இருவரும் தினமும் ஒரே நேரத்தில் டீ குடிப்பவர்கள்.

"ஓஆர்எஸ் ஒரு பாக்கெட்."

கயல்விழி எடுத்துக் கொடுத்தாள். பக்கத்தில் யாரும் இல்லை என்று பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"தப்பா எடுத்துக்காத நஜியா. வீட்டுல எதாச்சும் விசேஷமா? உங்கம்மா மாசாமாசம், ஊர்க் கடையில கேட்டா பேச்சாவும்னு இங்க வந்து உனக்குன்னு அந்த மாத்திர வாங்கிட்டுப் போறாங்களே. நான்கூடக் கல்யாணம் முடிவாயிருச்சு, நீதான் சொல்லலன்னு நெனச்சேன்."

"எந்த மாத்திர?"

கயல்விழி ஒரு அட்டையை எடுத்துக் காட்டினாள்.

நஜியா அட்டையைத் திருப்பி மருந்தின் பெயரைப் படித்தாள். மாடிப்படியில் உட்கார்ந்து போனில் தேடினாள். இரண்டாவது பக்கத்திலேயே இருந்தது. அந்த வகை ஹார்மோனை உள்ளே கொடுக்கக் கொடுக்கக் கர்ப்பப்பைச் சுவர் தடிக்கும், திரவம் சேரும், கிருமி புகுந்தால் சீழ் பிடிக்கும். கர்ப்பப்பை வாய் மூடிக்கொண்டால் வெளியே தெரியாது. வயிறு மட்டும் பெருக்கும். தண்ணீர் கேட்கும். அவள் கடைசிவரை படிக்கவில்லை. மேனேஜரிடம் சொல்லிவிட்டுப் பஸ் ஏறினாள்.

உம்மா பெட்டியின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"தயிருல பொடிச்சுப் போட்டேன்," என்றாள். மறைக்க முயலவில்லை. "வெஷத்தையா குடுத்தேன்? ஷாசியா முழுங்குனதுதானே. நாளெல்லாம் அது கத்துறத நீயா கேட்டே? கத்தியும் வேணாம், கதறலும் வேணாம்னுதான் குடுத்தேன். குட்டி புடிச்சதும் நிறுத்திட்டேன்."

"அது குட்டி இல்ல உம்மா."

"பின்ன?"

"சீழு."

உம்மா பெட்டிக்குள் கையை விட்டுப் பூனையின் வயிற்றைத் தொட்டாள். கையை எடுக்கவே இல்லை.

ஆட்டோ பிடித்துக் கடலூர் போனார்கள். வழி முழுவதும் சீனி கூடைக்குள் சத்தம் போடவில்லை. பி.முட்லூர் தாண்டியதும் நஜியா துண்டை விலக்கிப் பார்த்தாள். கண் திறந்திருந்தது. மூச்சு வேகமாக இருந்தது. காது சில்லிட்டிருந்தது.

டாக்டர் செந்தமிழ்செல்வன் ஈறைப் பார்த்தார், வயிற்றை அழுத்தினார்.

"கடைசியா எப்ப ஹீட் வந்துச்சு?"

"அதுக்கப்புறம் வரவே இல்ல சார்," என்றாள் உம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு. "அதுவா நின்னுருச்சு."

"அதுவா நிக்காதேம்மா. ஊசி, மாத்திர எதாச்சும் குடுத்தீங்களா? உண்மையச் சொன்னாத்தான் நான் எதாச்சும் செய்ய முடியும்."

உம்மா தரையைப் பார்த்தாள். உதவியாளர் ஒருவர், நாயோடு வந்திருந்த இரண்டு ஆண்கள், எல்லாரும் அந்தச் சின்ன அறையில் நின்றார்கள். நஜியாவின் காது சூடேறியது. கல்லூரி வைவாவில் தெரிந்த பதிலையும் சொல்லாமல் நின்றவள் அவள். கூடையைப் பார்த்தாள்.

"நாள் தள்ளிப்போறதுக்குப் பொம்பளைங்க போடுற மாத்திர," என்றாள். "ரெண்டு மாசத்துக்கு மேல குடுத்திருக்கு." மருந்தின் பெயரையும் சொன்னாள்.

நாய்க்காரர்களில் ஒருவர் திரும்பிப் பார்த்தார். டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு உதவியாளரிடம், "டிரிப் ஏத்து. தியேட்டர ரெடி பண்ணு," என்றார். பிறகு நஜியாவிடம்: "உடனே எடுத்தாவணும். எடுத்தாலும் பொழைக்கும்னு நான் சொல்ல மாட்டேன்."

உம்மாதான் கையெழுத்துப் போட்டாள். எந்தக் கத்தி வேண்டாம் என்றாளோ அந்தக் கத்திக்கு.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்தார்கள். உம்மா உதடு அசைய ஓதிக்கொண்டிருந்தாள். கலெக்டர் ஆபீஸுக்கு வந்தவர்கள் எதிர்க்கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். யாரோ ஒருவர் போனில் பட்டாவைப் பற்றிக் கத்திப் பேசினார்.

டாக்டர் கையுறையைக் கழற்றாமலே வந்தார்.

"கர்ப்பப்பைய முழுசா வெளிய எடுத்துட்டோம். தையல் போடுறப்ப ஹார்ட் நின்னுருச்சு. திரும்பக் கொண்டுவரப் பாத்தோம். வரல."

உம்மா எழுந்து நின்றாள். "அந்த மாத்திரையாலயா சார்?"

அவர் உம்மாவின் முகத்தைப் பார்த்தார். "மாத்திர குடுக்காத பூனைக்கும் இது வரும்மா," என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

துண்டில் சுற்றிக் கூடையில் வைத்துக் கொடுத்தார்கள். வயிறு இப்போது தட்டையாக இருந்தது. ஊருக்குக் கொண்டுபோய்ப் புதைக்கலாம் என்றாள் உம்மா. பஸ் நிறுத்தத்தில் கூடையை இருவருக்கும் நடுவில் வைத்துக்கொண்டு நின்றார்கள்.

"அவரு எனக்காகச் சொல்றாரு," என்றாள் உம்மா. "நீ சொல்லு. நீ படிச்சிருக்க. அதாலதானே?"

இல்லை என்று சொல்லிவிடலாம். உம்மா நம்பிவிடுவாள். நம்பிவிட்டு, வேறு யார் வீட்டிலாவது பூனை கத்தினால் அந்த வழியைச் சொல்லித் தருவாள்.

"ஆமா உம்மா. அதாலதான்."

உம்மா தலையாட்டினாள். அழவில்லை. "ஷாசியாகிட்டச் சொல்லாத. அவளும் முழுங்கிருக்கா. பயந்துருவா," என்றாள்.

"மனுஷிக்கு வேற. பூனைக்கு வேற."

"அத அன்னிக்கே சொல்லிருந்தா?"

"நீ என்ட்ட எங்க கேட்ட உம்மா?"

"சத்தம் ஏன் நின்னுச்சுன்னு நீயும்தான் கேக்கல."

பஸ் வந்தது. உம்மா படியில் கால் வைத்தபோது கண்டக்டர் கூடையைப் பார்த்தார்.

"கூடையில என்னா?"

உம்மா மகளைத் திரும்பிப் பார்த்தாள்.

"பூனை," என்றாள் நஜியா. "செத்துப்போச்சு. ஊருக்கு எடுத்துட்டுப் போறோம்."

பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லாருக்கும் கேட்டது. கண்டக்டர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு, "கடைசி சீட்டுக்குப் போங்க. கால்கிட்ட வைக்காதீங்க, மத்தவங்க மேல படும்," என்றார்.

கடைசி சீட்டில் உட்கார்ந்து கூடையை மடியில் வைத்துக்கொண்டார்கள். பாதி நஜியாவின் மடியிலும் பாதி உம்மாவின் மடியிலும் இருந்தது. பஸ் குலுங்கும்போதெல்லாம் உம்மா துண்டைச் சரி செய்தாள்.