பத்துக் கோடி இலக்கம்

லிஃப்ட் மெக்கானிக்குக்கு ஒரு கர்வம் உண்டு. நின்றுபோன லிஃப்ட் எதுவானாலும், எதனால் நின்றது என்று எழுதாமல் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டதில்லை. முப்பது வருஷத்தில் ‘காரணம் தெரியவில்லை’ என்று ஒருமுறைகூட எழுதாத மனுஷர். அப்பேர்ப்பட்டவரின் மகன் இருபத்தாறு வயதில், தூங்கப் போனவன் எழுந்திருக்கவே இல்லை. இதயம் நின்றிருக்கிறது, ஏன் என்று மட்டும் தெரியவில்லை என்று டாக்டர் கையை விரித்துவிட்டார்.

அவன் அறையில் கம்ப்யூட்டர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு ராட்சத எண்ணைப் பகா எண்தானா என்று சோதிக்க விட்டிருந்தான். இரண்டை முப்பத்து மூன்று கோடிச் சொச்சம் தடவை பெருக்கி, ஒன்றைக் கழித்தால் வருகிற எண். எழுதினால் பத்துக் கோடி இலக்கம் வரும். மூத்த மகள் கணக்கு டீச்சர். அப்பாவுக்குப் புரியும்படி சொன்னாள். நாலில் தொடங்கி, அதை அதாலேயே பெருக்கி, இரண்டைக் கழித்து, ராட்சத எண்ணால் வகுத்து மீதியை வைத்துக்கொள்ள வேண்டும். அந்த மீதியை மறுபடி அப்படியே செய்ய வேண்டும். இப்படி முப்பத்து மூன்று கோடி தடவை. கடைசி மீதி பூஜ்யமானால் பகா எண், கண்டுபிடித்தவன் பெயர் அதோடு நிற்கும்.

அந்த ஒரு நப்பாசையில்தான் மெக்கானிக் ஞாயிறுதோறும் அதைத் தூசி தட்டிக்கொண்டிருந்தார். மனைவிக்கோ அந்தப் பக்கம் போகவே நடுக்கம். உள்ளிருக்கும் விசிறி சில நேரம் வேகமெடுக்கும், பிறகு மெல்ல அடங்கும். “உள்ள அவன் மூச்சு விடுறான். அணைச்சுடுங்க,” என்று கெஞ்சினாள். கணக்கு முடிகிற அன்றைக்கே அணைத்துவிடுவதாகப் பேச்சு.

மகன் போன பதினோராம் மாதம், ஒரு ஞாயிறு மத்தியானம், விசிறிச் சத்தம் நின்றது. மகள் திரையைப் பார்த்தாள். ஏதோ நீளமான மீதி, பூஜ்யம் இல்லை.

“பகா எண் இல்லப்பா.”

மெக்கானிக் திரைப் பக்கம் குனிந்தார். “சரி. அப்போ எது அதை வகுக்குது?”

“அது தெரியாது. உடையுங்கறது மட்டும் நிச்சயம். எதால உடையுதுன்னு இந்தச் சோதனை சொல்லாது. கண்டுபிடிக்க நம்ம ஆயுசு போதாது.”

அவர் மகனின் கட்டிலில் உட்கார்ந்தார்.

“டாக்டரும் இதையேதாம்மா சொன்னாரு,” என்றார். சொல்லிவிட்டு, அத்தனை மாதம் அடக்கியதை எல்லாம் சேர்த்து அழுதார்.

மகள் அணைக்கப் போனாள். அப்போதுதான் வாசற்படியில் அம்மா நிற்பதைப் பார்த்தாள். சோப்பு நுரை கையோடு வந்திருந்தாள். படியைத் தாண்டி உள்ளே வந்து, கம்ப்யூட்டரின் மேல் காதை வைத்துக் கேட்டாள்.

“அணைக்காதே,” என்றாள். “வேற ஒரு நம்பர் போடு.”