மாரியம்மன் கோயில் வளைவு

தட்டாஞ்சாவடி தொழிற்பேட்டைத் தெருக்களில் அந்தச் சனி, ஞாயிறு இரண்டு நாளும் லாரி ஓடவில்லை. இரு பக்கமும் சிமென்ட் தடுப்பும் கம்பிவலையும் வைத்து, தெருவையே கார்ப் பந்தயத் தடமாக்கிவிட்டார்கள். நாலு சக்கரமும் வெளியே துருத்திக்கொண்டு, ஒரே ஒருத்தர் படுத்தாற்போல் உட்கார்ந்து ஓட்டுகிற கார் இருக்கிறதே, அந்தக் கார்களுக்கான பந்தயம். ஊர் ஊராக நடந்து வந்த அந்த வருஷத்துப் போட்டியில் இதுதான் கடைசி.

சனிக்கிழமை தகுதிச்சுற்று முடிந்ததும் ஹேமலதா கணினி முன்னால் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். கார் எங்கே வேகம் எடுக்கிறது, ஓட்டுகிறவன் எங்கே ஆக்சிலேட்டரிலிருந்து காலைத் தூக்குகிறான் என்று திரையில் ஓடும் கோடுகளைப் பார்த்துச் சொல்வது அவள் வேலை. ஓட்டுகிறவன் வெற்றிவேல், உள்ளூர்க்காரன். பந்தயத்தில் புறப்படக் கிடைத்தது எட்டாவது இடம். நாளைக்கு முதல் ஐந்துக்குள் வராவிட்டால் அடுத்த வருஷம் அந்தக் காரில் வேறொருத்தன் உட்காருவான். காருக்கு விளம்பரம் கொடுக்கும் கம்பெனி அதை முகத்துக்கு நேராகவே சொல்லியிருந்தது.

"பாய், இதப் பாருங்க. எல்லா வளைவுலயும் நல்லாத்தான் போறான். மாரியம்மன் கோயில் வளைவுல மட்டும் ரவுண்டுக்கு ரவுண்டு காலை எடுக்குறான்."

அணியின் முதலாளி ஹாஜா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். "பிரேக்கு கிரேக்கு ஏதாச்சும்?"

காருக்குள் இருந்த கேமரா எடுத்த படத்தை ஓட்டிப் பார்த்தார்கள். கோயில் வளைவு வந்தது. வெற்றிவேலின் வலது கை ஸ்டியரிங்கை விட்டது. ஹெல்மெட்டின் தாடையில் இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று தட்டியது. நெஞ்சைத் தொட்டது. திரும்ப ஸ்டியரிங்கைப் பிடித்தது.

"அடப்பாவி," என்றாள் ஹேமலதா, "கன்னத்துல போட்டுக்குறான் பாய்!"

வெற்றிவேலைக் கூப்பிட்டுக் காட்டினால், அவனுக்கே வாய் பிளந்துவிட்டது.

"நானாக்கா? சத்தியமா எனக்கே தெரியாது. சைக்கிள் கத்துக்கிட்ட நாள்லேருந்து இந்தக் கோயிலத் தாண்டுனா கை தானா போவும்."

"நாளைக்குப் போவக் கூடாது."

"போவாது."

போனது. ஞாயிறு காலைப் பயிற்சியில் கையை அடக்க வேண்டும், அடக்க வேண்டும் என்று நினைக்க நினைக்க அது இன்னும் சீக்கிரமாகப் போனது. கார் தடுப்பை உரசாமல் தப்பியதே பெரும்பாடு.

"கையக் கட்டிப் போட்டுடலாமா?" என்றாள் ஹேமலதா.

"அப்ப ஸ்டியரிங்க நீ போய்ப் புடிப்பியா?" என்றார் ஹாஜா. "தடுப்புக்கு மேல தெரியிற கோபுரத்துக்கு ஒரு திரையப் போடச் சொல்லு."

"திரை போட்டா மட்டும்? ஆத்தா உள்ளதான பாய் இருக்கா?" வெற்றிவேல் அழாத குறையாகச் சொன்னான். "ஆத்தா ஊர்வலம் கீர்வலம் போயிருந்தாத்தான் இந்தக் கை சும்மா கெடக்கும்."

ஹேமலதா அவனை ஒரு நிமிஷம் பார்த்தாள். அடுத்த நிமிஷம் கோயில் வாசலில் நின்றாள்.

பூசை செய்கிற செல்வாம்பாள் இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். "இன்னாது? கார் வுடுறதுக்காக ஆத்தாளத் தூக்கி வெளிய வெக்கணுமா? ஏம்மா, ஒனக்கு மூளை கீளை இருக்குதா?"

"ஊரே பந்தயம் பாக்குது அத்தை. ஆத்தாளும் பாக்கட்டுமே."

செல்வாம்பாள் தெருப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். கோயில் வாசலை மறைத்துக்கொண்டு ஆளுயரத் தடுப்பு நின்றது. நேற்று முழுக்க அவள் காதில் சத்தம்தான் விழுந்தது, கண்ணில் ஒரு கார் விழவில்லை.

"எங்க வெப்பீங்க? கார் நல்லாத் தெரியிற எடமா?"

வளைவுக்கு முன்னால் நீளமான நேர்த்தெரு. அங்கே கம்பிவலைக்குப் பின்னால் ஒரு கம்பெனியின் சரக்கு ஏற்றும் மேடை உயரமாக இருந்தது. ஹாஜா தன் லோடு வண்டியைக் கழுவிக் கொடுத்தார். ஊர்வல அம்மன் மஞ்சள் பட்டு கட்டி, வேப்பிலைத் தோரணத்துக்கு நடுவே மேடையில் வந்து உட்கார்ந்தாள். பக்கத்தில் செல்வாம்பாள் நாற்காலி போட்டுக்கொண்டாள். பந்தயம் பார்க்க வந்த சனம் தேங்காய் வாங்க ஓடியதைச் சொல்லவும் வேண்டுமா!

பந்தயம் தொடங்கியது. நேர்த்தெருவில் கால் அழுத்தினபடியே இருக்க, வெற்றிவேலின் கை எழுந்து கும்பிட்டு இறங்கியது. கோயில் வளைவில் இரண்டு கையும் ஸ்டியரிங்கிலேயே இருந்தன. திரையில் கோடு அறுந்து விழாமல் ஓடியதைப் பார்த்து ஹேமலதா நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள். எட்டு ஏழானது, ஏழு ஆறானது. ஐந்தாவதாகப் போன கமலக்கண்ணன் மட்டும் வழி விடுவதாக இல்லை. எந்தப் பக்கம் போனாலும் அந்தப் பக்கம் வந்து அடைத்தான்.

கடைசிச் சுற்று. முந்த வேண்டுமானால் அந்த நேர்த்தெருவில்தான், அதுவும் சரியாக மேடைக்கு எதிரே காரை வெளியே ஒடித்தாக வேண்டும். அதற்கு இரண்டு கையும் வேண்டும். கும்பிடாதே என்று அவனுக்கு எப்படிச் சொல்வது? ஹேமலதா ரேடியோவை அழுத்தினாள், விட்டாள், மறுபடி அழுத்தினாள்.

"வெற்றி, இதான் கடைசி. ஒன் இஷ்டம்டா."

மேடை வந்தது. கை எழவில்லை. கார் சட்டென்று வெளியே வந்து, கமலக்கண்ணனோடு சக்கரத்துக்குச் சக்கரம் ஓடி, வளைவுக்குள் முதலில் நுழைந்தது.

ஹேமலதாவின் கை தானாக எழுந்து அவள் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

"நீயுமா?" என்றார் ஹாஜா. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

ஐந்தாவது இடம்! அணியே அவனைத் தூக்கிச் சுற்றியது. இறக்கிவிட்டதும் வெற்றிவேல் நேரே மேடைக்கு ஓடினான். ஹேமலதா பின்னாலேயே ஓடினாள்.

"அத்தை, கடைசி ரவுண்டுல ஆத்தாளக் கும்புடாமப் போய்ட்டேன்."

"எனக்குத் தெரியாதா? நான்தான 'போடா, போடா'ன்னு வேப்பிலையால வெரட்டுனேன்! தோளு வுட்டுப்போச்சு." செல்வாம்பாள் நாற்காலியை மடித்தாள். "ஆத்தாளுக்கு வெளக்கேத்துற நேரமாச்சு. மசமசன்னு நிக்காத, வந்து ஒரு பக்கம் புடி."

வியர்வையில் ஊறிய பந்தய உடுப்போடு அவன் ஒரு பக்கம் தோள் கொடுத்தான், ஹேமலதா மறுபக்கம். "ஒத்து, ஒத்து, வழி வுடு!" என்று கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஹாஜா முன்னால் நடந்தார்.