அரைப் பேர்

அந்த முப்பது டெப்புக் கம்ப்யூட்டர்களும் எங்கள் பள்ளிக்கூடத்துக்கு வந்து இறங்கிய அன்றே எனக்கு மனசு சரியில்லை. தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பார்கள். நான் பல்லையும் பார்ப்பேன், வாலையும் தூக்கிப் பார்ப்பேன். பள்ளி அதிபர் சிதம்பரநாதன் சேருக்கு அந்தக் குணம் கிடையாது. தேங்காய் உடைத்து, பெட்டிகளுக்குச் சந்தனப் பொட்டு வைத்து, கலியாண வீடு மாதிரி ஆக்கிவிட்டார்.

"ஜீவராணி டீச்சர், இனிமே நீங்க தொண்டை கிழியக் கத்த வேண்டியதில்ல. இதுவே படிச்சுக் குடுத்துடும்."

"அப்ப நான் என்ன செய்யிறது சேர்?"

"சார்ஜ் போடுங்க."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் அதுவே நடந்தது. நோர்வூட்டுக்கு மேலே இந்தத் தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் இருபத்திரண்டு வருடம் கணிதம் படிப்பித்தவள், கடைசியில் வயர் சுற்றுகிறவளாக ஆனேன்.

டெப்புகளைக் கொடுத்தது கொழும்பிலுள்ள ஒரு நிறுவனம். அவர்கள் அனுப்பிய நிரஞ்சன் என்ற பையன், சட்டையில் ஒரு சுருக்கம் இல்லாமல் வந்து திட்டத்தை விளக்கினான். பதினோராம் ஆண்டுப் பிள்ளைகள் நான்கு மாதம் இதில் கணக்குப் படிக்க வேண்டும். வரவையும் புள்ளியையும் மெஷினே குறித்துக்கொள்ளும். முடிவில் மெஷின் தேர்ந்தெடுக்கும் நான்கு பேருக்கு, ஹட்டனில் விடுதியில் தங்கி உயர்தரத்தில் கணிதப் பிரிவு படிக்க இடம்; செலவு முழுக்க அவர்களுடையது.

"ஆளைப் பார்க்காம அது எப்படி ஆளைத் தெரிவு செய்யும்?" என்று கேட்டேன்.

"அதுதான் டீச்சர் நல்லது. மெஷினுக்கு வேண்டியவங்க வேண்டாதவங்க இல்ல."

எனக்குச் சுருக்கென்றது. ஏதோ நான் வேண்டியவர்களுக்குப் புள்ளி போடுகிறவள் மாதிரி! அன்று மாலையே எல்லா டெப்பின் கமராக் கண்ணிலும் பிளாஸ்டர் வெட்டி ஒட்டினேன். யார் கண்டது, கொழும்பில் உட்கார்ந்து எங்கள் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால்?

பிள்ளைகளின் பெயர்களை நான்தான் அடித்துக் கொடுத்தேன். ஐம்பத்தெட்டுப் பெயர். நம் வழக்கப்படி அப்பா பெயர் முதலில், பிள்ளை பெயர் பிறகு. அந்தச் சனியன் பத்து எழுத்துக்கு மேல் ஏற்காது. கொம்பையும் சுழியையும்கூடத் தனித்தனி எழுத்தாக எண்ணியது. வாலை வெட்டி வெட்டி உள்ளே தள்ளினேன். நடுவில் ஒரு முறை ஆங்கிலத்தில் ஏதோ கேட்டு ஒரு பெட்டி எழும்பியது. சிவப்பில் ஒரு பொத்தான், பச்சையில் ஒரு பொத்தான். பச்சையை அழுத்திவிட்டு அடுத்த பெயருக்குப் போனேன்.

முப்பது டெப்பு எல்லோருக்கும் காணாது என்பதால், பாதிப் பேருக்குத் திங்களும் புதனும், மீதிப் பேருக்குச் செவ்வாயும் வியாழனும் வகுப்பு. முதல் திங்கட்கிழமையே முன்வரிசையிலிருந்து ஒருத்தி எழும்பினாள். சுதர்ஷினி. தொழிலாளர் வீட்டு வரிசையான மூன்றாம் லயத்தில் இருக்கும் வீரம்மாவின் மகள். கரும்பலகைக் காலத்தில் என் வகுப்பிலேயே கெட்டிக்காரி. நான் கணக்கை எழுதி முடிக்குமுன் விடையோடு நிற்பாள்.

"டீச்சர், இதுல என் பேர் பாதிதான் இருக்கு."

"பாதிப் பேர் இருந்தா மூளையும் பாதிதான் வேலை செய்யுமா? உக்காரு."

உட்கார்ந்தாள். அதற்குப் பிறகு நான் அவள் குரலைக் கேட்கவில்லை. யார் குரலையும் கேட்கவில்லை. முன்பெல்லாம் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்தாலே எனக்குத் தெரிந்துவிடும்: இது புரிந்த முகம், இது புரியாத முகம், இது புரியாமலே தலையாட்டுகிற கள்ள முகம். இப்போது முப்பது தலையும் குனிந்திருக்கும், காதில் ஹெட்போன். நான் பின்னால் வயர்களோடு உட்கார்ந்து, மழை வருகிறதா என்று ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பேன். மெஷின் குறிக்கிறதே என்று அந்த வகுப்புக்கு வரவுப் புத்தகமும் வைக்கவில்லை.

நான்கு மாதம் முடிந்து முடிவு வந்தது. அதிபர் அச்செடுத்துக் கொடுத்த தாளில் நான்கு பெயர் பச்சையில் இருந்தன. சுதர்ஷினி அதில் இல்லை. கீழே, சிவப்பில்: "சோலைமலை சு. வரவு 59%. புள்ளிகள் சீரற்றவை. பரிந்துரைக்க இயலாது."

 சோலைமலை அவள் அப்பா. கிட்டத்தட்டப் பாதி வகுப்புக்கு வரவில்லையா? அப்படியென்றால் எங்கே போனாள்? உடனே போன மாதம் நோர்வூட் கடைத்தெருவில் பார்த்தது ஞாபகம் வந்தது: ஆட்டோ ஓட்டுகிற தர்ஷனோடு அவள் நின்று பேசிக்கொண்டிருந்தாள். ஓகோ, இதுதானா சங்கதி என்று என் புத்தி ஓடியது. சந்தேகம் என்று வந்துவிட்டால் என் புத்திக்குக் கடிவாளம் கிடையாது.

அவளை ஆபீசுக்குக் கூப்பிட்டேன்.

"மத்த நாளெல்லாம் எங்கடி போன?"

"எல்லா நாளும் வந்தேன் டீச்சர்."

"அப்ப மெஷின் பொய் சொல்லுதா?"

மெஷின்மேல் ஒரு துளி நம்பிக்கை இல்லாத நான்தான் அப்படிக் கேட்டேன். இன்று நினைத்தாலும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

"தர்ஷன் ஆட்டோல எங்கெங்க சுத்துன? சொல்லு!"

 அவள் கண் நிறைய என்னையே பார்த்தாள். பார்த்தாயா, கையும் களவுமாகப் பிடித்தேன் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் வீரம்மா வந்தாள். பறித்த கொழுந்தைத் தராசில் நிறுத்துவிட்டு நேரே வந்திருக்கிறாள். இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கைக்கூட அவிழ்க்கவில்லை. மகள் வாசலில் நின்றாள்.

"டீச்சர், எம் புள்ளைக்கு அரைப் பேர் போட்டிருக்கீங்களாமே?"

தோட்டத்தில் பேர் என்றால் ஒரு நாள் வேலை. கொழுந்து குறைந்தால் அன்றைக்கு அரைப் பேர்தான், பாதிச் சம்பளம். அதிபர் கடகடவென்று சிரித்தார். "அது மலையில போடுற பேரும்மா. இது பள்ளிக்கூடம்."

நானும் சிரித்தேன். என் அம்மாவும் அரைப் பேர் வாங்கி அழுதுகொண்டு லயத்துக்கு வந்தவள்தான். ஆனாலும் சிரித்தேன்.

வீரம்மா சிரிக்கவில்லை. கண்ணாடி வெடித்த போனை எடுத்து, நிறுவனத்திலிருந்து தனக்கு வந்த மெசேஜை என் மூக்குக்கு நேரே நீட்டினாள். "நல்லாப் பாருங்க. சோலைமலைன்னு அப்பன் பேரு முழுசா இருக்கு. அந்த மனுசன் கொழும்பு ஹோட்டல்ல கெடக்கு, தீவாளிக்குத் தீவாளி வருது. அது பேரு முழுசு. தெனம் வந்து படிச்ச புள்ளைக்கு ஒத்த எழுத்து. இது என்னாங்க நியாயம்?"

"மெஷின்ல இடம் இல்ல வீரம்மா. அதுக்கும் வரவுக்கும் என்ன சம்பந்தம்?"

"சம்பந்தம் இருக்குங்க. எங்க மலையில ரெண்டு வீரம்மா இருக்கோம். வெறும் வீரம்மான்னு எழுதுனா, நான் எடுத்த கொழுந்து அவ பேருல ஏறிரும், அவ வராத நாளு என் பேருல ஏறிரும். அதனாலதான் கணக்கப்பிள்ளை 'மூணாம் லயத்து வீரம்மா'ன்னு எழுதுவாரு. ஒங்க மெஷினுல மூணாம் லயத்த எங்க எழுதியிருக்கு?" மூச்சு வாங்கிக்கொண்டாள். "இன்னொரு சோலைமலை மக இங்கன இருக்காளான்னு பாத்தீங்களா?"

 நான் பழைய பெயர்ப் புத்தகத்தை இழுத்தேன். விரல் கீழே ஓடிக்கொண்டே போய் ஓரிடத்தில் நின்றது. சோலைமலை சுபாஜினி. வேறு சோலைமலையின் மகள், செவ்வாய் வியாழன் வகுப்பு. மூன்று வாரம் வந்தாள், கணக்கில் தடுமாறினாள், பிறகு குடும்பத்தோடு பொகவந்தலாவைக்குப் போய்விட்டாள். பத்து எழுத்தில் வெட்டினால் அவளும் "சோலைமலை சு" தான்.

அந்தப் பச்சைப் பொத்தான் என் கண்முன் வந்து நின்றது.

நிரஞ்சனுக்குப் போன் எடுத்து, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி ஸ்பீக்கரில் போட்டேன்.

"ஓ, அது 'இந்தப் பேர் ஏற்கனவே இருக்கு, ரெண்டையும் ஒண்டாக்கவா'ண்டு கேட்டிருக்கும் டீச்சர். நீங்க ஓம் குடுத்திருப்பீங்க. அப்ப நாலு நாள் வகுப்பும் ஒரு ஆளுக்கு எண்டு எடுத்திருக்கும். ரெண்டு நாள் வந்தா அம்பது வீதம், மற்றப் பிள்ளை வந்த மூண்டு வாரமும் சேர்ந்து அம்பத்தொம்பது."

"பிரிச்சு விடுங்க தம்பி."

"இனிப் பிரிக்க ஏலாது. ஆனா அஞ்சாவதா ஒரு ஆளைச் சேர்க்கலாம், ஆதாரம் வேணும். திங்கள், புதன் எல்லாம் அந்தப் பிள்ளை வந்ததை நீங்க பார்த்தீங்கதானே? அதை எழுதி நாளைக்குள்ள அனுப்புங்க, போதும்."

பார்த்தீங்கதானே. எவ்வளவு சுலபமாகக் கேட்டுவிட்டான்! நான் யோசித்துப் பார்த்தேன். முப்பது குனிந்த தலை, வயர், ஜன்னல், மழை. ஒரு திங்கட்கிழமையாவது, ஒரு புதன்கிழமையாவது அவள் முகம் ஞாபகம் வருமா என்று தேடினேன். வரவில்லை. நான்கு மாதம் அந்த அறையிலேயே இருந்திருக்கிறேன், பாவி.

"மொத வரிசையிலதானே டீச்சர் உக்காந்திருந்தேன்" என்றாள் சுதர்ஷினி வாசலிலிருந்து.

 போனை வைத்துவிட்டேன். வீரம்மா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு மகளிடம் கையை நீட்டினாள். "எடுடி அந்தக் கொப்பிய."

கட்டம் போட்ட சாதாரணக் கொப்பி. ஒவ்வொரு பக்கத்திலும் டெப்பில் கேட்ட கணக்குகளைப் பேனையால் செய்து வைத்திருந்தாள். மேலே தேதி. ஓரத்தில் பொடி எழுத்தில் ஏதோ ஒன்று.

"பேரு பாதிதான் இருக்குன்னு மொத நாளே வந்து சொன்னா" என்றாள் வீரம்மா. "எனக்கு அப்பவே பொறி தட்டிருச்சு. தராசு அவங்க கையில இருந்தா, நம்ம கண்ணு நம்ம கிட்ட இருக்கணும். தேதி மட்டும் போட்டா நேத்து உக்காந்து எழுதுனதுன்னு சொல்லிருவாங்க. அன்னைக்கு அங்கன நடந்தது ஒண்ண எழுதி வைடின்னேன். அப்புறம், அந்த தர்ஷன் எங்க அக்கா மகன். இவளுக்கு அண்ணன். போன மாசம் நான் ஆஸ்பத்திரியில கெடந்தப்ப சோறு கொண்டாந்தது அவந்தான்."

நான் தலைநிமிரவில்லை. ஓரத்தில் எழுதியிருந்ததைப் படித்தேன்.

"திங்கள். டீச்சர் நீலச் சேலை. இருமல்."

"புதன். கரண்ட் போச்சு. டீச்சர் மெழுகுவர்த்தி தேடினாங்க."

"திங்கள். கமராவில் ஒட்டின பிளாஸ்டர் விழுந்திட்டு. டீச்சர் திரும்ப ஒட்டினாங்க."

"புதன். டீச்சர் சாப்பாடு கொண்டுவரல்ல போல. பிஸ்கட் சாப்பிட்டாங்க."

"திங்கள். ஏழாவது கணக்கு புரியல்ல. கை தூக்கினேன். டீச்சர் ஜன்னலைப் பார்த்துக்கிட்டு இருந்தாங்க."

முப்பத்திரண்டு பக்கம். முப்பத்திரண்டு நாளும் நான் இருந்தேன். அழுகை வந்தது, அதிபர் முன்னால் அழக்கூடாது என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டேன்.

"நான் உன்னைய அப்படிக் கேட்டிருக்கக் கூடாது சுதர்ஷினி" என்றேன். அவள் சரியென்றும் சொல்லவில்லை, பரவாயில்லையென்றும் சொல்லவில்லை.

அங்கேயே உட்கார்ந்து கடிதம் எழுதினேன். பச்சைப் பொத்தானை அழுத்தியது நான்தான் என்று எழுதினேன். அதிபர், "அதையெல்லாம் எதுக்கு டீச்சர், பள்ளிக்கூடத்துக்குக் கெட்ட பேர்" என்று முனகினார். "கெட்ட பேர் முழுசாவே என் பேர்ல இருக்கட்டும் சேர்" என்றேன். ஆனால் அவள் வந்ததை நான் பார்த்தேன் என்று எழுத மட்டும் கை வரவில்லை. "நான் அவளைப் பார்க்கவில்லை. அவள் என்னைப் பார்த்திருக்கிறாள். எழுதியிருப்பது அத்தனையும் உண்மை" என்று எழுதி, முப்பத்திரண்டு பக்கத்திலும் கையெழுத்துப் போட்டேன். மறுநாள் முதல் பஸ்ஸில் நானே ஹட்டனுக்குக் கொண்டுபோய் நிறுவனத்தின் கிளை ஆபீசில் கொடுத்தேன்.

எட்டாம் நாள் புதுப் பட்டியல் வந்தது. ஐந்து பெயர், ஐந்தும் பச்சை. கடைசிப் பெயர் அப்போதும் "சோலைமலை சு" என்றே இருந்தது. விளம்பரப் பலகையில் ஒட்டியவுடன் பேனையை எடுத்து மிச்சத்தை நானே எழுதினேன்.

டெப்பு வகுப்பு அதற்குப் பிறகும் தொடர்ந்தது. அடுத்த திங்கட்கிழமை ஹெட்போன் போடவிடாமல், வரவுப் புத்தகத்தை விரித்து ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டேன். கூப்பிட்டுவிட்டு முகத்தைப் பார்த்தேன்.

"மூணாம் லயத்து சுதர்ஷினி!"

"வந்திருக்கேன் டீச்சர்."

அவள் தலைநிமிரவில்லை. கொப்பியின் ஓரத்தில் பொடி எழுத்தில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தாள். நான் அன்றைக்கு மஞ்சள் சேலை கட்டியிருந்தேன்.