எருமை வராத படம்

1

இந்தக் கதை எனக்குப் பாதிதான் கிடைத்தது. வத்தலக்குண்டிலிருந்து மலையேறும் பேருந்தில், முன்சீட்டுக்காரர் பக்கத்திலிருந்தவரிடம், "ஒரு எருமப் படத்தால எங்க ஊருல ஒரு கல்யாணமே நிக்கப் பாத்துச்சு" என்றார். அடுத்த நிறுத்தத்தில் இறங்கிப் போய்விட்டார். மிச்சத்தை நான்தான் எழுதியாக வேண்டும்.

'கொடைக்கானலில் அன்று மூடுபனி...'

வேண்டாம். கொடைக்கானல் கதையைப் பனியில் தொடங்குவது ஒரு வியாதி.

2

வருடம் 1979. பள்ளி நூலகர் அமலி, ஊரில் திரைப்படச் சங்கம் ஒன்றைத் தொடங்கி, இயக்குநர் சேனாதிபதியின் படத்தை வரவழைத்தாள். (சேனாதிபதி என் கற்பனை. வெளிநாடுகளிலெல்லாம் பரிசு வாங்கியவர். அவர் படத்தில் ஒருவர் கதவைத் திறப்பதற்குள் நீங்கள் டீ குடித்துவிட்டு வரலாம்.) படத்தில் ஒருவருடைய எருமை காணாமல் போகிறது. தேடுகிறார். கிடைக்கவில்லை. கடைசியில் காமிரா, எருமையைக் கட்டியிருந்த வெறும் முளைக்குச்சியையே பார்த்துக்கொண்டிருக்கிறது.

அமலி அழுதாள். அவளுக்கு நிச்சயித்திருந்த அருள்மணி பக்கத்தில் குறட்டை விட்டார். வட்டக்கானலில் விடுதி நடத்துபவர். எதற்கும் "சரிங்க" என்பவர்.

"படம் எப்படி இருந்துச்சு?"

"நல்லாருந்துச்சுங்க."

"தூங்குனீங்களே?"

"சரிங்க."

அந்தச் 'சரிங்க'தான் அவளைப் பயமுறுத்தியது. ஆயுசுக்கும் இதையே கேட்டுக்கொண்டிருக்க வேண்டுமா? (எனக்கு அமலி மேலேயே சந்தேகம். இதற்காகவா ஒருத்தி கல்யாணத்தை நிறுத்துவாள்? அடித்துவிட்டு வேறு காரணம் எழுதிப் பார்த்தேன். அவள் ஒப்பவில்லை.)

3

பங்குச் சாமியார் இருதயசாமியிடம் போனாள். ஞாயிறு பூசையில் கல்யாண ஓலை, அதாவது தடை இருந்தால் சொல்லுங்கள் என்று ஊருக்குச் சொல்லும் அறிவிப்பு, வாசிக்க வேண்டாம் என்றாள்.

"தடை என்னம்மா? மாப்பிள்ளைக்கு ஏற்கெனவே கல்யாணம் ஆயிருச்சா?"

"தூங்கிட்டாரு சாமி. சேனாதிபதி படத்துல."

சாமியார் திருச்சபைச் சட்டத்தைப் புரட்டினார். "தூக்கம் இதுல இல்லையே. படத்தப் பாத்துட்டுத்தான் தீர்ப்புச் சொல்லணும்."

மறுபடி படம் போட்டார்கள். அமலியின் அம்மா கித்தேரியம்மாள் மாப்பிள்ளையை ஒட்டி உட்கார்ந்து, கண் சொருகும்போதெல்லாம் கிள்ளினார்.

4

இம்முறை ரீல் மாறிப்போனது. முளைக்குச்சி முதலில் வந்தது. எருமை கடைசியில் வந்து, நின்று, நிதானமாக அசை போட்டது.

சாமியார் கைதட்டினார். "காணாமப்போனது கெடச்சிருச்சே!"

"தப்பு சாமி! ரீல் மாறிப்போச்சு. எரும வரவே கூடாது!" என்று அமலி கத்தினாள். எருமையைப் பார்த்ததில் அவளுக்கும் கண் நிறைந்திருந்தது. கோபமே அதனால்தான்.

அருள்மணி எழுந்தார். "ஏன் வரக்கூடாது? அந்த மனுசன் அம்புட்டுத் தூரம் தேடுறான். பெரிய டைரக்டராம்! வெறுங்குச்சியக் காட்ட அவரு எதுக்கு?"

"தேடுனதெல்லாம் கெடைக்குதா நமக்கு? அதத்தான் அவரு எடுத்திருக்காரு."

"அது எனக்கே தெரியும். அதப் பாக்கவா வெள்ளனே சோலிய முடிச்சுட்டு வந்தேன்? எனக்கு மாடு வரணும்."

மண்டபத்தைப் பூட்டிய பிறகும் சண்டை ஓயவில்லை. ஏரிச்சாலை நெடுகச் சண்டை. கித்தேரியம்மாள் பின்னால் ஜெபமாலை சொல்லிக்கொண்டே வந்தார். அருள்மணி ஒரு தடவைகூட 'சரிங்க' சொல்லவில்லை. வீடு இன்னும் கொஞ்சம் தள்ளி இருந்திருக்கலாம் என்று அமலிக்குத் தோன்றியது.

5

அமலி விட்டுக்கொடுத்தாள் என்று ஒரு முடிவு எழுதினேன்: பொய். அருள்மணி மனம் மாறி சேனாதிபதியைப் புகழ்ந்தார் என்று இன்னொன்று: பெரும் பொய். சேனாதிபதியே கல்யாணத்துக்கு வந்து காரிலிருந்து இறங்குவதாக மூன்றாவது. (இன்னும் இறங்கிக்கொண்டிருக்கிறார்.)

ஆகவே நடந்ததை மட்டும் சொல்கிறேன். ஞாயிறு பூசையில் இருதயசாமி ஓலை வாசித்தார். தடை அறிந்தவர்கள் தெரிவிக்கலாம் என்றார். ஆண்கள் பக்கம் அருள்மணியும் பெண்கள் பக்கம் அமலியும் ஒரே நேரத்தில் எழுந்தார்கள்.

"நேத்து நீங்க சொன்னீங்களே..." என்று இருவரும் ஒன்றாகத் தொடங்கினார்கள்.

கோயிலே திரும்பிப் பார்த்தது. சாமியார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "இது தடையா, சம்மதமா?"

அவர் என்னைப் பார்க்கிறார். நான் உங்களைப் பார்க்கிறேன்.