பல் டாக்டருக்குக் கொடுத்த ஞானஸ்நானம்

பாஸ்டர் மைக்கை ஸ்டாண்டிலிருந்து கழற்றிக்கொண்டு மேடையின் ஓரத்துக்கு வந்தாரென்றால் ஏதோ விசேஷம் இருக்கிறதென்று அர்த்தம். அந்த ஞாயிற்றுக்கிழமையும் வந்தார். "இஸ்ரவேல் வம்சத்துல பிறந்த ஒரு ஆத்துமா, எண்பத்தெட்டு வயசுல, இந்த வாரம் ஆண்டவரை ஏத்துக்கிட்டு ஞானஸ்நானம் வாங்கியிருக்கார்" என்றார். சபை எழுந்து நின்று கைதட்டியது. மூன்றாவது வரிசையில் இருந்த நர்ஸும் பழக்கதோஷத்தில் இரண்டு தட்டுத் தட்டினாள். மூன்றாவதற்குக் கை சேரவில்லை. இந்த ஊரில் எண்பத்தெட்டு வயதில் எத்தனை யூதர்கள் இருந்துவிடப் போகிறார்கள்? அவளுக்குத் தெரிந்து ஒரே ஒருவர். அவருக்குத்தான் காலையில் ரொட்டியைப் பாலில் ஊறவைத்து ஊட்டி, போர்வையை முழங்காலுக்கு இழுத்துவிட்டு, நேராக இங்கே வந்திருந்தாள். அப்போதுகூட அவர் ஆண்டவரைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. பாலில் சர்க்கரை போதவில்லை என்றார்.

அவள் மெல்லத் திரும்பி, பக்கத்தில் நின்ற அண்ணியைப் பார்த்தாள். கணவனின் அக்கா. கண்ணை மூடி, இரண்டு கையையும் தூக்கி, கன்னத்தில் நீர் வழிய நின்றுகொண்டிருந்தாள். கிறிஸ்தவள் ஆனந்தக் கண்ணீர் விடுவதில் குற்றம் ஒன்றுமில்லை. ஆனால் நர்ஸுக்குக் காய்ச்சல் கண்ட அன்று அவளுக்குப் பதிலாக அந்த வீட்டுக்குப் போனவள் இந்த அண்ணிதான்.

பல் டாக்டரிடம் அவள் வேலைக்குச் சேர்ந்தபோது ஒரே ஒரு நிபந்தனைதான். அதைச் சொன்னது வெளிநாட்டில் இருக்கும் அவர் மகள். "அப்பாவை யாரும் மதம் மாத்தப் பார்க்கக் கூடாது. அவ்வளவுதான். பாத்திரம் உடைஞ்சா பரவாயில்லை, மருந்து லேட்டானாக்கூட மன்னிப்பேன்." அவளுக்கு முன்னால் இருந்த இரண்டு பேர் தலையணைக்கு அடியில் துண்டுப் பிரசுரம் வைத்து வேலையை இழந்திருந்தார்கள். இவள் வைக்கவில்லை. வைக்கத் தோன்றவில்லை என்று சொன்னால் பொய். ஊரில் இருந்த யூத ஜெப ஆலயம், கூட்டு ஜெபத்துக்கு வேண்டிய பத்து ஆண்கள் சேராமல் பூட்டிக் கிடந்து, இப்போது தரைவிரிப்புக் கிடங்காகிவிட்டது. அவரோடு வாதாடவோ அவருக்காக வேண்டிக்கொள்ளவோ அவர் ஆட்களில் யாரும் மிச்சமில்லை. குடும்ப ஜெபத்தில் ஒவ்வொருவர் பெயராகச் சொல்லிக்கொண்டு வரும்போது அவர் பெயர் வந்ததும் அவளுக்கு நாக்கு நின்றுவிடும். என்ன கேட்பது? மாற்று என்று கேட்டால் அவருக்குத் துரோகம். அப்படியே விடு என்று கேட்டால், சின்ன வயதிலிருந்து அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது அத்தனைக்கும் துரோகம். தாண்டிப் போய் அடுத்த பெயரைச் சொல்வாள்.

ஆராதனை முடிந்து பிளாஸ்டிக் நாற்காலிகளை அடுக்கும் சத்தத்தில் அண்ணியைச் சுவரோரம் தள்ளிக்கொண்டு போனாள்.

"அண்ணி, என்ன பண்ணீங்க?"

"நீ செஞ்சிருக்க வேண்டியதைச் செஞ்சேன்."

"அதான், என்னன்னு சொல்லுங்க."

அண்ணி சொன்னாள். மத்தியானம் டாக்டர் சாய்வு நாற்காலியில் தூங்கிக்கொண்டிருந்தார். திடீரென்று மூச்சு இழுத்தது. நின்றது. மறுபடி இழுத்தது. அவ்வளவுதான் போய்விட்டார் என்று நினைத்துவிட்டாள். மாத்திரைக்கு வைத்திருந்த டம்ளர் கையில் இருந்தது. பிதா, குமாரன், பரிசுத்த ஆவி என்று மூன்று தரம் நெற்றியில் ஊற்றிவிட்டாள்.

நர்ஸ் பாதியிலேயே கண்ணை மூடிக்கொண்டாள். டாக்டருக்குத் தூக்கத்தில் மூச்சு அப்படித்தான் நின்று நின்று வரும், வருஷக்கணக்காக வருகிறது. அதைச் சொல்லாமல் போனது தன் தப்பு. ஆனால் கண்ணை மூடியது அதற்காக இல்லை. காது மிஷின். வலது காதில் வைத்திருக்கும் மிஷின் இல்லையென்றால் டாக்டர் செவிடு. காய்ச்சல் தெளிந்து இவள் போனபோது அது செத்துக் கிடந்தது. பேட்டரி மாற்றினாள், துடைத்தாள், கடைக்கு எடுத்துக்கொண்டு ஓடினாள். உள்ளே தண்ணீர் போயிருக்கிறது, புதிதுதான் வாங்க வேண்டும் என்றான் கடைக்காரன். உடம்பு துடைத்துவிடும்போது தான்தான் நனைத்திருக்க வேண்டும் என்று நினைத்து, அந்தக் கிழவர் முன்னால் கைகட்டி நின்று மன்னிப்புக் கேட்டிருந்தாள். பரவாயில்லை, இந்த ஊரில் கேட்க என்ன இருக்கிறது என்றார் அவர்.

"மிஷின்மேல ஊத்தியிருக்கீங்க அண்ணி."

"என்ன மிஷின்? நான் நரகத்தைப் பத்திப் பேசறேன், நீ மிஷினைப் பத்திப் பேசறே."

அதற்குள் பாஸ்டர் வந்துவிட்டார். சின்ன வயசுக்காரர், நல்ல மனுஷர், யாரையும் நோகடிக்கத் தெரியாதவர். அதுதான் அவரிடம் உள்ள தொல்லை. விஷயத்தைக் கேட்டதும் முகம் மாறியது.

"தூங்கிட்டிருந்தாரா? ஏத்துக்கிட்டார்னு சொன்னீங்களே?"

"கண்ணைத் திறந்து பார்த்தார் பாஸ்டர். திட்டலை."

"என்ன சொன்னார்?"

"இருமினார்."

பாஸ்டர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். வாயால் அறிக்கையிட்டு, முழுக்குப் போட்டால்தான் ஞானஸ்நானம். டம்ளரில் ஊற்றுவது நம் சபையில் செல்லாது. அடுத்த வாரம் கூட்டிக்கொண்டு வந்தால் தொட்டியில் வெந்நீர் நிரப்பிவிடலாம் என்றார். யூதரானாலும் யாரானாலும் வாசல் ஒன்றுதான், அதில் சந்தேகமில்லை, ஆனால் முறைப்படி நடக்க வேண்டும்.

"வாசலெல்லாம் நமக்கு பாஸ்டர்" என்றார் நாற்காலி அடுக்கிக்கொண்டிருந்த கணக்கு வாத்தியார். சபையின் மூத்த மூப்பர். ரிட்டயர் ஆனபிறகு பாடம் நடத்த ஆள் கிடைக்காமல் தவிப்பவர். "அவங்களோட போட்ட உடன்படிக்கை தனி. கொடுத்த வாக்கை ஆண்டவர் திருப்பி வாங்கமாட்டார். அவங்க கணக்கை அவர் பார்த்துக்குவார்."

"அப்படின்னா நம்ம ஆண்டவர் முதல்ல அவங்ககிட்ட எதுக்கு வந்தாராம்?" என்றாள் தையல்கடை அக்கா, வாயில் பிஸ்கட்டோடு. "கடைசி நாள்ல அவங்க எல்லாருமா மனம் திரும்புவாங்க. அது நிச்சயம். ஆனா அதுக்கு முன்னாடி மூணுல ரெண்டு பங்கு அழிஞ்சிடும். வேதத்துல எழுதியிருக்கு." இரண்டாவது பிஸ்கட்டை எடுத்துக்கொண்டாள்.

"எங்க டாக்டர் எந்தப் பங்கு அக்கா?" என்றாள் நர்ஸ்.

தையல்கடை அக்கா மெல்லுவதை நிறுத்தினாள்.

"இல்ல, கேக்கறேன். மூணுல ரெண்டா, மிச்சம் இருக்கற ஒண்ணா? சாயந்திரம் மருந்து கொடுக்கறப்ப சொல்லணும்ல?"

வாத்தியார், அது அப்படி வகுத்துப் பார்க்கிற கணக்கு இல்லம்மா என்று ஆரம்பித்தார். நர்ஸுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பாஸ்டரைப் பார்த்து, "அடுத்த வாரம் மைக்குல, அது ஞானஸ்நானம் இல்லைன்னு சொல்லிடுங்க" என்றாள். ஜனங்களின் விசுவாசம் தளர்ந்துவிடும் சகோதரி என்றார் அவர். நானே வந்து ஒரு வார்த்தை அவரிடம் பேசட்டுமா என்றும் கேட்டார். வந்தால் நான் கதவைத் திறக்கமாட்டேன் என்று அவள் சொன்னதை அவளே எதிர்பார்க்கவில்லை.

நர்ஸின் கணவன் பஸ் ஓட்டுகிறவன். வாசலில் நின்றபடி, "சரி விடு, அவருக்குத்தான் தெரியாதே" என்றான். அதுதான் கொதித்தது. அவருக்குத் தெரியாது. ஊருக்கெல்லாம் தெரியும், கைதட்டியாகிவிட்டது, அவர் எங்கே போவார் என்று பிஸ்கட்டோடு பேசியாகிவிட்டது, அவருக்கு மட்டும் தெரியாது.

படியிறங்கும்போது அண்ணி கையைப் பிடித்துக்கொண்டாள். அழுகை இன்னும் நிற்கவில்லை. "என் வீட்டுக்காரர் போறப்ப நான் பக்கத்துல இல்ல. ஆஸ்பத்திரிக்குப் போற வழியில, ஆட்டோவுலயே போயிட்டார். ஞானஸ்நானம் எடுக்கறேன், எடுக்கறேன்னு சொல்லி எடுக்காமலே போயிட்டார். அன்னைக்கு என் கையில ஒரு டம்ளர் தண்ணி இல்லடி." நர்ஸுக்குக் கையை உதறவும் முடியவில்லை, பிடித்துக்கொள்ளவும் முடியவில்லை.

அங்கிருந்து அவள் நேராகப் போனபோது டாக்டர் ஜன்னலோரம் உட்கார்ந்து பூதக்கண்ணாடியால் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். மிஷின் போனதிலிருந்து அவர் எதிராளியின் வாயையே பார்ப்பார். அவள் எதிரில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்தாள்.

"கடைவாய்ப் பல் வலிக்குதுன்னியே, யார்கிட்டயாவது காட்டினியா?" என்றார்.

"டாக்டர், மிஷின் கெட்டது என்னால இல்ல."

"அப்புறம்?"

"எங்க அண்ணி."

"தண்ணி கொட்டிடுச்சுன்னு அன்னைக்கே சைகை காட்டினாளே. மிஷினும் அதுலயா? போகட்டும்."

"கொட்டலை. ஊத்தினாங்க."

அவர் புருவத்தைச் சுருக்கினார். அடுத்து அவள் சொன்ன ஞானஸ்நானம் என்ற வார்த்தை உதட்டிலிருந்து அவருக்குப் படிக்க வரவில்லை. அவள் எழுந்து ஜன்னலைச் சாத்தினாள். கிட்டே வந்து காதில் கத்தினாள். இன்னும் பலமாகக் கத்தினாள். கீழ்வீட்டுப் பால்கனியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த அம்மாள் சாத்திய ஜன்னலை அண்ணாந்து பார்த்தாள். கடைசியில் நர்ஸ் தன் தலைக்கு மேல் கையைக் கவிழ்த்து ஊற்றிக் காட்டினாள்.

பேப்பர் மடியில் இறங்கியது.

"நான் தூங்கறப்பவா?"

தலையாட்டினாள்.

"அப்ப நான் இப்ப உங்க ஆளா?"

"இல்ல. செல்லாதாம். பாஸ்டர் சொல்லிட்டார்."

"ஏன் செல்லாது?" சற்றுக் கோபமாகவே கேட்டார்.

"தண்ணி போதலையாம்."

அவர் சிரித்தார். பல்செட் நழுவும் அளவுக்குச் சிரித்து, அதைக் கட்டைவிரலால் தள்ளிப் பொருத்திக்கொண்டார். சிரிப்பு எங்கே நின்றதென்று அவளுக்குத் தெரியவில்லை. "எங்க தாத்தாவோட அண்ணனுக்கு ஆறு வயசுல காய்ச்சல்" என்றார், ஜன்னல் பக்கம் பார்த்தபடி. "வேலைக்காரி நல்லவதான். பிள்ளை பிழைக்காதுன்னு பயந்துபோய் இதே மாதிரி ஞானஸ்நானத் தண்ணி தெளிச்சுட்டா. பிள்ளை பிழைச்சுது. சர்ச்சுக்காரங்க வந்து, இது இனி எங்க பிள்ளைன்னு சொல்லி எடுத்துட்டுப் போனாங்க. திருப்பித் தரலை. அவங்களுக்கு அந்தத் தண்ணி போதும்னு பட்டுது."

வெளியே துணி உதறும் சத்தம் கேட்டது. அவருக்குக் கேட்டிருக்காது.

"நீ என்ன நினைக்கிறே? நான் எங்க போவேன்?"

"தெரியல டாக்டர்." குனிந்துகொண்டு சொல்லிவிட்டாள்.

"நிமிர்ந்து சொல்லு. வாய் தெரியலை."

நிமிர்ந்தாள். "எனக்குத் தெரியல." அவர் காதைத் திருப்பிக் காட்டினார். பிறந்ததிலிருந்து அவள் யாரிடமும், தனியாக இருக்கும்போது தன்னிடமும்கூட, சொல்லிக்கொள்ளாததை, கீழ்வீட்டுக்கும் மேல்வீட்டுக்கும் கேட்கும்படி, தொண்டை நரம்பு புடைக்கக் கத்தினாள். "எனக்குத் தெரியல!"

அவர் தலையாட்டினார். மருந்து நேரம் சொன்னால் தலையாட்டுகிற அதே மாதிரி.

"சாயந்திரம் பொண்ணு கூப்பிடுவா. சொல்லணும்."

"சொல்லுங்க."

"சொன்னா உன்னை அனுப்பிடுவா. அவ என்ன சொல்றான்னு நீதான் போனை வாங்கிக் கேட்டு எனக்குக் கத்தணும். உன் சீட்டு கிழிஞ்சுதா இல்லையான்னு உன் வாயாலயே."

"கத்தறேன்."

"சொல்றதா வேண்டாமான்னு நான் இன்னும் முடிவு பண்ணலை" என்றார். பிறகு விரலால் உச்சந்தலையைச் சொறிந்தார். "தலை அரிக்குது. கழுவிவிடு. நான் முழிச்சிருக்கறப்ப."

வெந்நீர் கொண்டுவந்தாள். தோளில் துண்டைச் சுற்றி, மடியில் தகரத் தட்டை வைத்து, கையால் சூடு பார்த்தாள். டாக்டர் இரண்டு உள்ளங்கையாலும் காதைப் பொத்திக்கொண்டு முகத்தை மேலே தூக்கினார். கண்ணை மூடவில்லை. ஒரு குவளை மொண்டு மெதுவாக ஊற்றினாள். நரைத்த நாலு முடி நெற்றியில் ஒட்டிக்கொண்டது. புருவத்தில் தண்ணீர் தேங்கி வழிந்தது. அவர் இமைக்காமல் அவளுடைய உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் மேலுதட்டையும் கீழுதட்டையும் பல்லுக்குள் இழுத்து, ஒரு எழுத்துகூட வெளியே வராதபடி கடித்துக்கொண்டு, அடுத்த குவளையை மொண்டாள்.